கெட்லைன் யாருடைய பெயர்?

கேள்வி: கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் உள்ள நிரலை எழுத்துப் பிசகாமல் அடித்தேன். ‘கெட்லைன்’ என்ற பெயரில் முரண்பாடு என்று கம்பைலர் மறுக்கிறது. புத்தகத்தில் பிழையா?
— கணினி அறிவியல் மாணவி

பதில்: புத்தகத்திலும் பிழையில்லை, உங்கள் மீதும் தவறில்லை. 1978இல் அந்தப் புத்தகம் வந்தபோது ‘கெட்லைன்’ யாருக்கும் சொந்தமில்லாத பெயர். ஒரு வரியை வாசித்து நீளத்தைச் சொல்லும் சிறு ஃபங்ஷனுக்கு ஆசிரியர்கள் அதைச் சூட்டினார்கள். பின்னாளில் குனு நூலகத்தில் அதே பெயரில் வேறொன்று பிறந்தது. 2008இல் போசிக்ஸ் தரம் அதை ஏற்று, நீங்கள் முதல் வரியில் இன்க்ளூட் செய்யும் ‘எஸ்டிடிஐஓ’ ஹெடருக்குள்ளேயே சேர்த்துவிட்டது. புத்தகத்தில் உள்ளது இரண்டு ஆர்கியுமென்ட் வாங்கும். ஹெடரில் உள்ளது மூன்று. மோதாமல் என்ன செய்யும்?

இந்தச் சண்டை பழையது. பிடிபி-11 இயந்திரத்தில் யூனிக்ஸ் ஓடிய காலத்திலேயே, நீங்கள் ‘மெயின்’ என்று எழுதினால் கம்பைலர் அதை ‘_மெயின்’ என்று மாற்றித்தான் அசெம்ப்ளிக்கு அனுப்பும். அசெம்ப்ளியில் நேரடியாக எழுதிய பெயர்கள் ஒருபுறம், சி பெயர்கள் மறுபுறம் என்று பிரித்தது அந்த ஒற்றை அண்டர்ஸ்கோர்தான்.

பெயர்களை இப்படிப் பிரித்து வைப்பதை 1989இல் வந்த சி தரம் சட்டமாகவே எழுதியது. இரண்டு அண்டர்ஸ்கோரில் தொடங்கும் பெயர்களும், ஓர் அண்டர்ஸ்கோரை அடுத்துப் பெரிய எழுத்து வரும் பெயர்களும் கம்பைலருக்கும் அதன் நூலகத்துக்கும் மட்டுமே உரியவை. இது எவ்வளவு அவசியம் என்று பார்க்க, லினக்ஸில், நினைவகம் கேட்டுப் பெறும் ஃபங்ஷனான மால்லாக் அறிவிக்கப்பட்டிருக்கும் ஹெடரைத் திறந்து பாருங்கள். ஆர்கியுமென்டின் பெயர் ‘சைஸ்’ என்று இருக்காது. ‘__சைஸ்’ என்று இருக்கும். காரணம், ‘சைஸ்’ உங்களுக்குரிய பெயர். நிரலின் தலையில் அதை 100 என்று டிஃபைன் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஹெடர் அதே பெயரை வைத்திருந்தால் அந்த இடத்தில் 100 போய் உட்கார்ந்து, ஹெடரே உடைந்துவிடும்.

1999இல் மொழிக்குள் ‘பூல்’ வகையைக் கொண்டுவந்தவர்களும் இதையே நினைத்துப் பார்த்தார்கள். எத்தனையோ பேர் தாங்களே ‘பூல்’ என்று ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். அதனால் ‘_பூல்’ என்று ஒதுங்கிப் பெயரிட்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் தனி ஹெடர் கொடுத்தார்கள். அந்தப் பொறுமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ‘பூல்’ மொழியின் சொந்தச் சொல்லாக ஆனது 2024இல் வெளியான தரத்தில்தான்.

‘கெட்லைன்’ விஷயத்தில் அந்தக் கரிசனம் காட்டப்படவில்லை என்பதே என் கருத்து. உங்கள் ஃபங்ஷனுக்கு ‘ரீட்_லைன்’ என்று பெயர் மாற்றுங்கள், நிரல் ஓடும். இன்னொன்று: நீங்கள் எழுதும் ஹெடர்கள் இருமுறை சேராமல் தடுக்கும் காவல் பெயருக்கு முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர் போடும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது உங்கள் இடமல்ல.