தேர்தல் அபராதத்துக்கு நடுவர் தீர்ப்பு போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் தேர்தல் நிதிக் கணக்கைத் தாமதமாகத் தருபவர்களுக்கான அபராதத்தை, நீதிமன்றம் போகாமல் நடுவரே இறுதியாக முடிவு செய்யலாம் என்று சட்டம் போட்டால் செல்லுமா?

பதில்: இரு தரப்பும் மனமொப்பிப் போனால் செல்லும். கட்டாயப்படுத்தினால் நிற்காது என்றே நினைக்கிறேன்.

2024 ஜூனில் ஜார்க்கசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 என்று தீர்ப்பளித்தது. மோசடிக்கு அபராதம் கேட்கும் பங்குச் சந்தை ஆணையம் தன் சொந்த அதிகாரியை வைத்தே விசாரித்து முடிக்கக் கூடாது. அரசியலமைப்பின் ஏழாவது திருத்தப்படி ஜூரி விசாரணை வேண்டும் என்றது. ஆனால் மோசடி பழங்காலம் தொட்டே நீதிமன்ற வழக்கு. கணக்கைத் தாமதமாகத் தருவதோ அமெரிக்க நாடாளுமன்றம் புதிதாக உண்டாக்கிய விதிமீறல். எனவே அந்தத் தீர்ப்பு இதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

இப்போதுள்ள ஏற்பாட்டைப் பாருங்கள். கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 2000 முதல் தாமதத்துக்கு அட்டவணைப்படி அபராதம் போடுகிறது. எத்தனை நாள் தாமதம், எவ்வளவு பணம், முன்பு எத்தனை முறை தவறினார் என்பதெல்லாம் கணக்கில் வரும். ஆறு ஆணையர்களில் நால்வர் சம்மதிக்க வேண்டும். அபராதம் பெற்றவர் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். என் கண்ணில் இந்தக் கடைசிக் கதவுதான் முக்கியம். அதைக் கட்டாயமாக அடைக்கும் சட்டம் செல்லாது என்றே நினைக்கிறேன்.