‘.இந்தியா’வுக்குக் கடைசி ஒப்புதல் கொடுத்தது யார்?



போன மாதம் கணினி ஆய்வகத்தில் எனக்கும் என் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் ஒரு வாக்குவாதம். “இண்டர்நெட்டுக்கு யார் முதலாளி?” என்பதுதான் விஷயம். “அமெரிக்காதான். அவங்க நினைச்சா ஒரே நாள்ல நம்ம நெட்டை நிறுத்திடுவாங்க” என்றேன் நான். “போடா, அது யாருக்கும் சொந்தமில்ல” என்றான் அவன்.

சார் எங்களைத் திட்டவில்லை. கரும்பலகையில் ‘.இந்தியா’ என்று எழுதினார். “இப்படி முடியுற இணைய முகவரி இருக்கு. இதைப் பட்டியல்ல சேர்க்கக் கடைசி ஒப்புதல் கொடுத்தது யாருன்னு கண்டுபிடிங்க. தோத்தவன் சுவர் இதழ்ல எழுதணும்” என்றார்.

எழுதுவது நான்தான். ஆனால் முழுசாகத் தோற்றேனா என்பதை நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்!

பெயர் எதற்கு?

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் ஐ.பி. எண். நமக்கு எண் மனதில் நிற்காது, பெயர்தான் நிற்கும். பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாட்டுக்கு டொமைன் பெயர் முறை என்று பெயர். இதை 1983இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ்.

புது ஊரில் ஒரு வீட்டைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டில் கேட்டால் தெருவைச் சொல்வார்கள். தெரு முனைக் கடையில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். இணையத்திலும் அப்படியே. முதலில் கேட்கும் இடம் ‘ரூட்’, அதாவது வேர். “.இன் விவரம் யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டால் அது வழி சொல்லும். ‘.காம்’, ‘.ஆர்க்’, ‘.இன்’ போன்ற 1,400க்கும் மேற்பட்ட கடைசிப் பெயர்கள் அந்த வேர்ப் பட்டியலில் இருக்கின்றன. அதில் இல்லாத பெயர் உலகத்துக்குத் தெரியாது.

அப்படியானால், அந்தப் பட்டியலில் பேனா வைக்கும் உரிமை யாருக்கு? இதுதான் பெரிய கேள்வி!

ஒரு பேராசிரியரும் ஓர் ஆலோசகரும்

ஆரம்பத்தில் இந்தப் பட்டியலைக் கவனித்தவர் ஜான் போஸ்டல். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரை நம்பினார்கள். ஆனால் செலவுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசு.

1998 ஜனவரியில் அவர் ஒரு காரியம் செய்தார். அப்போது இருந்த 12 துணை வேர் சர்வர்களில் 8ஐ நடத்தியவர்களிடம், “இனி என் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மின்னஞ்சல் அனுப்பினார். அவர்களும் அப்படியே செய்தார்கள்! அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்ட பிறகு, எல்லாம் பழையபடி மாற்றப்பட்டது. அது ஒரு சோதனைதான் என்றார் போஸ்டல்.

ஒரே ஒரு மின்னஞ்சலில் பட்டியல் இடம் மாற முடியும் என்றால் அதற்கு ஒழுங்கான சட்டதிட்டம் வேண்டாமா? அதே 1998இல் ஐகான் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு கலிபோர்னியாவில் உருவானது. அந்த அக்டோபரிலேயே போஸ்டல் காலமானார்.

மூன்று படிகள்

ஐகான் வந்துவிட்டாலும் அரசு முழுசாக விலகவில்லை. பட்டியலில் ஒரு வரியை மாற்ற மூன்று படி ஏற வேண்டியிருந்தது:

1. ஐகான் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும்.
2. அமெரிக்க வணிகத் துறையின் கீழ் உள்ள என்.டி.ஐ.ஏ. என்ற அலுவலகம் ஒப்புதல் தரும்.
3. வெரிசைன் நிறுவனம் பட்டியலில் ஏற்றும்.

‘.இந்தியா’வும் இந்த மூன்று படிகளைத் தாண்டித்தான் வந்தது. விண்ணப்பித்தது நம் நாடு. பெயர் நம் தமிழ். ஆனாலும் இரண்டாம் படி வாஷிங்டனில் இருந்தது! சார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

சான்றிதழ் வாங்க அலுவலக வாசலில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கையெழுத்து இல்லாவிட்டால் காகிதம் நகராது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அலுவலகம் பெயர் நல்லதா கெட்டதா என்று பார்த்ததில்லை. ஐகான் முறைப்படி செய்ததா என்று மட்டுமே பார்த்தது. வேலை சின்னதுதான். ஆனால், “வேலை சின்னதா இருந்தாலும் பேனா ஒரே நாட்டின் கையில் இருக்கே!” என்று மற்ற நாடுகள் கேட்டன. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு வேலைகளை வெளிப்படுத்திய பிறகு இந்தக் குரல் இன்னும் பலமானது.

பேனாவைக் கீழே வைத்தவர்

2009இல் இருந்து 2017 வரை என்.டி.ஐ.ஏ.வின் தலைவராக இருந்தவர் லாரன்ஸ் ஸ்ட்ரிக்ளிங். அப்போது வணிகத் துறையின் உதவிச் செயலராக இருந்தார். 2014 மார்ச் 14 அன்று அவருடைய அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இந்தப் பொறுப்பிலிருந்து நாங்கள் விலகத் தயார், மாற்று ஏற்பாட்டை உலக மக்களே வகுத்துத் தாருங்கள்!

சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நிபந்தனைகள் இருந்தன. இணையம் பத்திரமாக, தடையில்லாமல் ஓட வேண்டும். எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். முக்கியமானது: எங்கள் இடத்தில் இன்னொரு அரசோ அரசுகளின் கூட்டமைப்போ உட்காரக் கூடாது.

பொறியாளர்கள், நிறுவனங்கள், அரசுகள், பொதுநல அமைப்புகள் எனப் பல தரப்பினரும் இரண்டு வருடம் பேசினார்கள். திட்டம் 2016 மார்ச்சில் தயாரானது. அதற்கு அமெரிக்காவிலேயே எதிர்ப்பு. “நம் சொத்தை விட்டுக்கொடுப்பதா?” என்று செனட்டர் டெட் குரூஸ் போன்றோர் எதிர்த்தார்கள். 2016 செப்டம்பரில் செனட் விசாரணையில் ஸ்ட்ரிக்ளிங் நேரில் பதில் சொன்னார். நான்கு மாநிலங்கள் வழக்குப் போட்டன. செப்டம்பர் 30 அன்று டெக்சாஸ் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அன்று நள்ளிரவோடு ஒப்பந்தம் முடிந்தது.

அக்டோபர் 1 காலையில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை! பெயர்கள் வழக்கம்போல வேலை செய்தன. அதுதான் வெற்றி.

இப்போது அரசுகளுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஐகானில் அரசுகளின் ஆலோசனைக் குழு உண்டு. 170க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், இந்தியாவும் ஒன்று. ஆலோசனை சொல்லலாம், கட்டளை போட முடியாது.

உங்களுக்குத் தெரியுமா?

★ தமிழ் எழுத்தில் மூன்று நாட்டுப் பெயர்கள் வேர்ப் பட்டியலில் உண்டு: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. 2010, 2011 ஆண்டுகளில் சேர்ந்தவை.
★ வேர் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். நடத்துபவை 12 அமைப்புகள். அவற்றின் நகல்கள் இந்தியா உட்பட உலகம் முழுவதும் உள்ளன.

அப்போ, யார் ஜெயித்தது?

2016 வரை நான் பாதி சரி. ஆனால் “நெட்டை நிறுத்திடுவாங்க” என்றது தப்பு. பட்டியலில் பேனா வைத்திருந்தவர்களால் பெயரைத்தான் தொட முடியும். நம் ஊர்க் கேபிளை அது தொடாது. என் நண்பன் சொன்னதும் முழுசாகச் சரியில்லை. யாருக்கும் சொந்தமில்லை என்பதற்காக யாரும் கவனிக்க வேண்டாம் என்று ஆகிவிடாதே! பலர் சேர்ந்து கவனிப்பதால்தான் அது ஓடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. நம் வகுப்பு நூல் அலமாரியின் சாவி இரண்டு வருடமாக என் பையில்தான் இருந்தது. வகுப்புத் தலைவன் என்ற பெருமை எனக்கு. நான் காய்ச்சலில் படுத்த நான்கு நாளும் யாருக்கும் புத்தகம் கிடைக்கவில்லையாம். யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதிகாரி என்றால் அவர் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு விலகுபவரும் நல்ல அதிகாரிதான் என்று இப்போது தோன்றுகிறது. திங்கட்கிழமையிலிருந்து அலமாரிச் சாவி சாரின் மேசையில், ஒரு நோட்டோடு இருக்கும். பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு யார் வேண்டுமானாலும் திறக்கலாம். புத்தகத்தை மட்டும் மறக்காமல் திருப்பி வையுங்கள்!

சிந்திக்க: பேனா ஒரு நாட்டிடம் இருப்பது நல்லதா, பலரிடம் இருப்பது நல்லதா? உங்கள் பதிலைச் சீட்டில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள்.



– 11ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு