ஸ்டீராய்டு மருந்தும் குழந்தையின் கண்ணும்

சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதி பழுதுற்றால், இரத்தத்திலுள்ள புரதம் சிறுநீருடன் வெளியேறும். குழந்தையின் முகமும் கால்களும் வீங்கும். இதற்கு நெஃப்ராட்டிக் நோய் என்று பெயர். பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டே இதற்குரிய முதன்மையான மருந்து. முதலில் ஆறு வாரம் நாள்தோறும், பின்னர் ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இது கொடுக்கப்படுகிறது. நோய் அடிக்கடி திரும்பும் குழந்தைகள் இதனைப் பல மாதங்கள் உட்கொள்ள நேரிடும்.

இவ்வாறு நெடுநாள் உட்கொள்வதால் கண்ணுக்கு இரு தீங்குகள் நேரலாம். முதலாவது கண்புரை. ஸ்டீராய்டு உட்கொண்ட முடக்குவாத நோயாளரிடம் இது தோன்றுவதை 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். கண்வில்லையின் பின்புறத்தில் படலம் உண்டாவதால், கண்மணி சுருங்கும் வெயில் வேளையில் பார்வை மேலும் மங்கும். இரண்டாவது, கண்ணின் உள்ளழுத்தம் உயர்தல். இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவாகும். இது மிகுந்தால், பெரும்பாலும் வலியின்றியே பார்வை நரம்பு கெடும். புரையை அறுவையால் நீக்கலாம்; கெட்ட நரம்பை மீட்க இயலாது. ஆகவே கருவி கொண்டு அழுத்தத்தை அளந்து பார்ப்பதே காப்பு.

குழந்தை தன் பார்வைக் குறையைத் தானே கூறுவது அரிது. கரும்பலகையைப் பார்க்க இடம் மாறி அமர்தல், புத்தகத்தை முகத்தருகே வைத்தல், வெயிலில் கண் கூசுதல் ஆகியவற்றை முதலிற் காண்பவர் ஆசிரியரே.

அட்டப்பாடிப் பள்ளத்தாக்கிலுள்ள அகளி போன்ற ஊர்களில், சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குச் செல்லும் களப்பணியாளரின் பொறுப்பு பெரிது. ஸ்டீராய்டு உண்ணும் குழந்தையின் பெயர், மருந்து தொடங்கிய நாள், கண் சோதித்த நாள் ஆகிய மூன்றையும் அவர் குறித்து வைத்தல் வேண்டும். குறை எதுவும் தோன்றாவிடினும், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒருமுறை கண் சோதனை நடைபெறச் செய்தல் நன்று. கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. மேற்சோதனை தேவைப்படின், மருத்துவர் பாலக்காட்டிற்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பக்கூடும்.

கண்ணுக்கு அஞ்சி மருந்தை நிறுத்திவிடுதல் பெருந்தவறு. நெடுநாள் ஸ்டீராய்டு உண்ட உடலில் அட்ரீனல் சுரப்பியின் வேலை குன்றியிருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். அளவைக் குறைப்பதும் வேறு மருந்துக்கு மாற்றுவதும் மருத்துவரின் பணி. சோதனை நாள் தவறாமற் காப்பது ஆசிரியர், களப்பணியாளர், பெற்றோர் ஆகிய மூவரின் கடமை.