உருகிய உலோகத்தை இறைக்கும் பம்ப்: பழைய உலோக வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

பழைய அலுமினியம், பித்தளை, ஈயம் வாங்கி விற்கும் நம் சகோதரர்களில் பலருக்குத் தராசு வரைக்கும் தொழில் நன்றாகத் தெரியும். லொறி கேற்றைத் தாண்டிப் போன பிறகு அந்தச் சாமானுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பலர் விசாரிப்பதில்லை. ஆனால் நமக்குக் கிடைக்கும் விலை தீர்மானமாவது அங்கேதான், வாங்குபவரின் உலைக்குள்ளே. அந்த உலையோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு கருவியைப் பற்றி இவ்வாரம் பார்ப்போம். அதுதான் உருகிய உலோகத்தை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு இறைக்கும் பம்ப்.

உருகிய உலோகம் நமக்குப் புதிய செய்தியல்ல. நபி ஸுலைமான் (அலை) அவர்களுக்கு உருகிய செம்பின் ஊற்று வசப்படுத்திக் கொடுக்கப்பட்டதை அல்குர்ஆனின் ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. துல்கர்னைன் இரும்புப் பாளங்களைக் காய்ச்சி அதன்மேல் உருகிய செம்பை ஊற்றி அணை கட்டிய வரலாறு கஹ்ஃப் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் மனிதன் தன் முயற்சியால் உருகிய உலோகத்தைத் தண்ணீர் போல இறைக்கப் பழகியது அண்மைக் காலத்தில்தான்.

ஏன் பம்ப் தேவை?

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகுகிறது. நாகம் 420 பாகையிலும் ஈயம் 327 பாகையிலும் உருகும். சிறிய பட்டறையில் மூசைக்குள் உருக்கி, இடுக்கியால் தூக்கி அச்சில் ஊற்றிவிடலாம். பிலிமத்தலாவைப் பித்தளைப் பட்டறைகளில் இதைக் காணலாம். ஆனால் பத்து, இருபது தொன் கொள்ளும் பெரிய உலையில் இது நடக்காது.

அங்கே பழைய முறை, உலையின் அடியில் உள்ள துளையைத் திறந்து உலோகத்தை வாய்க்காலில் ஓடவிடுவது. துளையை அடைத்திருக்கும் களிமண்ணைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் நெருப்பாற்றை மீண்டும் அடைக்க வேண்டும். அடைப்பு பிடிக்காவிட்டால் உலையில் உள்ளது முழுவதும் தரையில். ஊழியரின் கால் எங்கே இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். பம்ப் இருந்தால் உலோகத்தை உலையின் சுவருக்கு மேலாகத் தூக்கி, வேண்டிய அளவு அனுப்பி, சுவிட்சை அணைத்து நிறுத்திவிடலாம்.

இரண்டாவது காரணம் சேதாரம். உலையின் மேற்பரப்பில் சூடு அதிகமாகவும் அடியில் குறைவாகவும் இருக்கும். மேலே அளவுக்கு மீறிச் சூடேறும் அலுமினியம் காற்றோடு சேர்ந்து கசடாகிறது. பம்ப் வைத்து உள்ளேயே சுற்ற விட்டால் சூடு சமமாகப் பரவும். எரிபொருளும் மிச்சம், உலோகமும் மிச்சம்.

எப்படி இயங்குகிறது?

உருகிய அலுமினியம் பாகு போலத் தடிப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறக்குறைய தண்ணீர் போலவே இளகி ஓடும். ஆனால் பாரம் தண்ணீரைப் போல 2.4 மடங்கு. உருகிய ஈயம் பத்து மடங்குக்கும் மேல். எனவே இறைப்பதற்கு வலு அதிகம் வேண்டும்.

பம்பின் அமைப்பு எளிமையானது. மோட்டார் உலோக மட்டத்துக்கு மேலே உயரத்தில் ஒரு தட்டில் இருக்கும். அந்தத் தட்டிலிருந்து கால்கள் போல் தூண்கள் கீழே இறங்கி உலோகத்துக்குள் மூழ்கியிருக்கும். தூண்களின் அடியில் ஒரு கட்டை. அதன் வயிற்றைக் குடைந்து உள்ளே ஒரு சுழலும் சில்லு வைத்திருப்பார்கள். மோட்டாரையும் சில்லையும் நீண்ட ஷாப்ட் இணைக்கும். சில்லு நிமிடத்துக்குச் சில நூறு தடவை சுற்றி, உலோகத்தை இழுத்துப் பக்கவாட்டில் தள்ளும். நம் வீட்டுக் கிணற்றுப் பம்பின் தத்துவமும் இதேதான். உலோகத்துக்குள் மூழ்கியே இருப்பதால் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் எதுவும் தேவையில்லை. அந்தச் சூட்டில் நிற்கும் ரப்பரும் உலகில் இல்லை.

இரும்பு ஏன் உதவாது?

ஈயம் இறைக்கும் பம்பை இரும்பில் செய்யலாம். அலுமினியத்துக்கு அது சரிவராது. உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விழுங்கிவிடும். பம்பும் போய்விடும், இரும்பு கலந்த அலுமினியமும் எளிதில் உடையும் சரக்காகிவிடும். கலந்த இரும்பைத் திரும்பப் பிரிப்பதும் மிகக் கடினம்.

ஆகவே அலுமினியப் பம்பின் மூழ்கும் பாகங்களைக் காரீயத்தில் செய்கிறார்கள். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம்தான். உருகிய அலுமினியம் அதில் இலகுவில் ஒட்டாது. திடீர்ச் சூட்டுக்கு அது வெடிக்காது. கடைசல் இயந்திரத்தில் விரும்பிய வடிவில் கடைந்தெடுக்கலாம். ஆனால் அதற்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, அடி தாங்காது, முறிந்துவிடும். மற்றது, சூடான நிலையில் காற்றுப் பட்டால் மெல்ல எரிந்து தேயும். உலோக மட்டமும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் ஷாப்டும் தூணும் முதலில் மெலியும். அந்த இடத்துக்குச் சிலிக்கன் காபைட் போன்ற பீங்கான் வகை உறை போட்டு ஆயுளை நீட்டுகிறார்கள்.

இலங்கைக்கும் இதற்கும் உள்ள உறவு

உலோகம் உருக்கும் தொழிலில் நம் நாட்டுக் காரீயத்துக்குப் பெரிய பெயர் இருந்தது. கேகாலை மாவட்டத்தின் பொகல, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ சுரங்கங்களை அறியாதவர் இல்லை. லண்டன் பட்டர்சீயில் 1856இல் தொடங்கிய மோர்கன் மூசைக் கம்பனி போன்றவை இலங்கைக் காரீயத்தை வாங்கி மூசை செய்து உலகம் முழுவதும் விற்றன. முதலாம் உலகப் போர்க் காலத்தில், குண்டு செய்ய உலோகம் உருக்க வேண்டியிருந்ததால் ஏற்றுமதி உச்சத்துக்குப் போனது. போர் முடிந்ததும் கேள்வி விழுந்தது. மடகஸ்காரின் மலிவான சரக்கும் போட்டிக்கு வந்தது. விலை சரிந்தது.

இதற்கிடையே அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் செயற்கைக் காரீயம் செய்யும் முறைக்கு 1896இல் காப்புரிமை பெற்றிருந்தார். இன்று பம்பின் பாகங்கள் பெரும்பாலும் பெற்றோலியக் கரியிலிருந்து செய்யப்படும் செயற்கைக் காரீயக் கட்டைகளில்தான் கடையப்படுகின்றன. நாம் கல்லைத் தோண்டி விற்றோம். அதை மூசையாக்கி விற்றவர்கள் பெரிய இலாபத்தை எடுத்தார்கள். பிறகு கல்லுக்கே மாற்றுக் கண்டுபிடிக்கப்பட்டது. மூலப்பொருளை மட்டும் நம்பி வியாபாரம் செய்பவர் எவரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

மூன்று வகைப் பம்புகள்

முதலாவது, சுற்றோட்டப் பம்ப். உலைக்குள்ளேயே உலோகத்தைச் சுற்ற விடும். பக்கத்துத் தொட்டியில் சுழி உண்டாக்கி, மெல்லிய தகடு, பானக் குவளை, கடைசல் சீவல் ஆகியவற்றை அந்தச் சுழிக்குள் இழுத்து மூழ்கடிக்கும். மேலே மிதந்து எரிந்து கசடாகப் போவது இதனால் குறையும். இரண்டாவது, இடம் மாற்றும் பம்ப். நிமிர்ந்த குழாய் வழியாக உலோகத்தை மேலே ஏற்றி அடுத்த தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ அனுப்பும். மூன்றாவது, வாயு செலுத்தும் பம்ப். ஓடும் உலோகத்துக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தி, வேண்டாத மக்னீசியத்தைப் பிரித்தெடுக்கும். பானக் குவளைகளில் மக்னீசியம் கலந்திருப்பதால் இது தேவைப்படுகிறது.

சுழலும் பாகமே இல்லாத பம்பும் உண்டு. உலோகத்துக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காந்தப் புலத்தில் வைத்தால் உலோகம் தானாகவே நகரும். ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் 1920களின் பிற்பகுதியில் குளிர்சாதனப் பெட்டிக்காக இந்த வகைப் பம்பொன்றை வடிவமைத்தார்கள். பெட்டி சந்தைக்கு வரவில்லை. ஆனால் அந்தத் தத்துவம் பிற்காலத்தில் உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படும் அணு உலைகளில் பயன்பட்டது. 2017இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் பீங்கானால் ஆன பற்சில்லுப் பம்பைக் கொண்டு, 1,200 பாகை செல்சியஸில் உருகிய வெள்ளீயத்தை 72 மணி நேரம் தொடர்ந்து இறைத்துக் காட்டினார்கள்.

வாங்குவோருக்கு ஒரு கணக்கு

சொந்தமாக உருக்கும் தொழில் தொடங்க நினைப்பவர் பம்பின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. உதாரணத்துக்கு மாதம் பத்துத் தொன் உருக்கும் ஓர் உலையை எடுப்போம். பம்ப் வைத்ததால் சேதாரம் நூற்றுக்கு 2 வீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 200 கிலோ, வருடத்துக்கு 2,400 கிலோ அலுமினியம் மிஞ்சும். அதன் இன்றைய விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் வருடத்தில் மாற்ற வேண்டிய ஷாப்ட், சில்லு, தூண் ஆகியவற்றின் விலை, கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, பாகம் வரும்வரை உலை சும்மா கிடக்கும் நாட்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் கனக்கிறது என்பது அப்போது தெரியும். இருநூறு, முந்நூறு கிலோ மூசை உலை வைத்திருப்பவருக்கு இந்தப் பம்ப் தேவையே இல்லை. நல்ல அகப்பையும் தேர்ந்த ஊழியரும் போதும்.

உதிரிப்பாகம் இறக்குமதி செய்வோருக்கும் ஒரு விடயம். அமெரிக்காவில் கார்போரண்டம் கம்பனி வாயு செலுத்தும் அமைப்பு முழுவதற்கும் காப்புரிமை வைத்திருந்தது. பம்புக்குத் தனியாகக் காப்புரிமை இல்லை. அதனிடம் வாங்கிய பம்ப் தேய்ந்ததும் வாடிக்கையாளர்களுக்கு மாற்றுப் பம்பை வேறொரு கம்பனி விற்றது. முதல் பம்பை வாங்கியதால் கிடைத்த அனுமதி அந்தப் பம்பின் ஆயுளோடு முடிகிறது, மாற்றுப் பம்பை விற்றது காப்புரிமை மீறல் என்று 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பஞ்சிகாவத்தையில் எந்தப் பாகமும் கிடைக்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டுச் சந்தைக்குப் பாகம் செய்து அனுப்ப நினைப்பவர் முதலில் உரிமை யாருடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் என்ற ஆபத்து

இனி முக்கியமான பாடம். பம்பை உலைக்குள் இறக்குமுன் பல மணி நேரம் மெதுவாகச் சூடேற்றுவார்கள். காரீயத்தின் நுண்ணிய துளைகளில் தங்கியிருக்கும் ஈரம் முழுவதும் போக வேண்டும். ஏனென்றால் தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் அகப்பட்டாலும் அது விரிய இடமின்றி உலோகத்தை நாலா பக்கமும் வீசி எறியும்.

பம்புக்கே இவ்வளவு கவனம் என்றால் நாம் அனுப்பும் சாமானுக்கு எவ்வளவு வேண்டும்? நிறை கூடட்டும் என்று மழையில் நனைய விட்ட சீவல், உள்ளே தண்ணீர் நின்ற குழாய், பாதி நசுங்கி வாய் மூடிய குவளை, திறக்காத வாயுச் சிலிண்டர், இவை கட்டுக்குள் மறைந்து போனால் உலைக்கு முன்னால் நிற்பவர் உயிரோடு விளையாடுகிறோம். அவருக்கும் வீட்டில் மனைவி மக்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தோடு விட்ட இரும்பு ஆணியும் கல்லும் ஆளைக் கொல்லாவிட்டாலும் பம்பின் சில்லில் சிக்கி ஷாப்டை முறித்துவிடும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் குத்பாக்களில் பல தடவை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்று விற்பவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தில் வாங்குபவருக்குப் பண நட்டம். நனைந்த அலுமினியத்தில் போவது உயிர்.

எனவே பழைய உலோகம் விற்கும் சகோதரர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. சாமானைக் கூரையின் கீழ் அடுக்குங்கள். நனைந்தால் காய்ந்த பிறகே கட்டுங்கள்.

2. மூடிய எதையும் திறந்தோ வெட்டியோ பார்க்காமல் கட்டில் சேர்க்காதீர்கள். வாயு, எண்ணெய் இருந்தவற்றை வெட்டுவதே ஆபத்து. அவற்றைத் தனியே ஒதுக்கி, வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

3. மெல்லிய தகடு, குவளை, கடைசல் சீவல், வார்ப்புத் துண்டு ஆகியவற்றை வகை பிரியுங்கள். உலையில் ஒவ்வொன்றின் சேதாரமும் வேறு. பிரித்த சரக்குக்கு நல்ல விலை கேட்கலாம்.

4. இரும்பைக் காந்தம் வைத்துப் பிரித்தெடுங்கள்.

5. வாங்குபவரின் உலையை ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள். பம்ப் இருக்கிறதா, எந்தச் சாமானை விரும்புகிறார், எதைக் கழிக்கிறார் என்று கேளுங்கள். அந்த ஒரு பயணம் தராசடியில் பல வருடம் நின்று கற்க முடியாததைக் கற்றுத் தரும்.

பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய 5 வீதமே போதும். மற்றவர்கள் வீசியதைப் பெறுமதியாக்கும் தொழில் இது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கட்டைத் திறந்து பார்க்காமலே உலையில் போடலாம் என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு வந்துவிட்டால் அந்த வாடிக்கை நம்மை விட்டுப் போகாது. நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரகத் செய்வானாக.