அடிபட்ட நாய்க்குட்டி

கேள்வி: வண்டியில் அடிபட்ட நாய்க்குட்டியை வீட்டிலேயே தேற்ற முடியுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: முடியும், ஆனால் முதல் வைத்தியம் கால்நடை மருத்துவரிடம்தான். 2016இல் சென்னையில் மாடியிலிருந்து வீசப்பட்ட பத்ரா என்ற நாய், கால் முறிந்து கிடந்து, பிறகு மீட்கப்பட்டு, சிகிச்சையால் பிழைத்தது. மருத்துவரிடம் கொண்டுபோகும்போது வலியில் குட்டி கடிக்கலாம். கெட்டித் துணியால் போர்த்தி, பலகையில் கிடத்தித் தூக்க வேண்டும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். சிகிச்சைக்குப் பின் வீட்டில் தேவை ஓய்வும் கதகதப்பும். உங்கள் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸ் தரை அழகுதான். குட்டிக்கோ வழுக்கும், குளிரும். சாக்கு விரித்த அட்டைப்பெட்டியே நல்லது. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தர வேண்டும். வலிக்கு என்று பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது, நாய்க்கு நஞ்சாகும். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.