கார்பன் சைக்கிள் வாங்குமுன் ஒரு எக்ஸெல் ஷீட்

மலை ஏறுவதற்கும் நீண்ட தூரப் போட்டிகளுக்கும் கார்பன் ரோடு பைக் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோ?" என்பதுதான். எடை குறையக் குறைய விலை ஏறும். 9 கிலோ சைக்கிளுக்கும் 7 கிலோ சைக்கிளுக்கும் இடையே லட்சக்கணக்கில் ரூபாய் வித்தியாசம் வருவது சாதாரணம். அந்தப் பணத்துக்கு மலையில் எத்தனை நிமிடம் மிச்சமாகும்? கடைக்காரரைக் கேட்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரைக் கேளுங்கள். எக்ஸெல்லில் உள்ள 'கோல் சீக்' வசதியைக் கற்றுக்கொள்ள இது நல்ல பாடம்.

உதாரணத்துக்கு ஒரு மலை வேண்டுமல்லவா? பிரான்ஸ் நாட்டின் ஆல்ப் டுவெஸ் மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். 1952-ல் முதன்முதலாக டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் சேர்க்கப்பட்ட சாலை இது. அன்று வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. 21 கொண்டை ஊசி வளைவுகள், 13.8 கிலோமீட்டர் தூரம், சராசரி ஏற்றம் 8.1 சதவீதம். 1982-ல் தொடங்கிய 'லா மார்மோட்' என்னும் பொதுமக்களுக்கான போட்டியும் இங்கேதான் முடிகிறது. அதன் வழக்கமான பாதை சுமார் 175 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 5,000 மீட்டர்.

ஷீட் தயாரித்தல்

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, ஏ காலத்தில் பெயர்களையும் பி காலத்தில் எண்களையும் டைப் செய்யுங்கள். இங்கே பி என்று அச்சாகியுள்ள இடங்களில், கீபோர்டில் அந்த ஆங்கில எழுத்தை அழுத்த வேண்டும்.

பி1: ஓட்டுபவர் எடை – 70
பி2: சைக்கிள் எடை – 9
பி3: உடை, ஷூ, தண்ணீர் பாட்டில் – 3
பி4: ஏற்றம் – 0.081
பி5: டயர் உருளும் தடை – 0.005
பி6: காற்றுத் தடை – 0.2
பி7: தூரம், மீட்டரில் – 13800
பி8: வேகம், வினாடிக்கு மீட்டர் – 2.5
பி9: தேவையான சக்தி, வாட் – =(பி1+பி2+பி3)*9.81*(பி4+பி5)*பி8+பி6*பி8^3
பி10: நேரம், நிமிடம் – =பி7/பி8/60

பி9-ல் 176.08 என்று வந்தால் பார்முலா சரி. எடையைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கும் வேலையும், டயரின் தடையும் முதல் பகுதியில் இருக்கின்றன. பிளஸ் குறிக்குப் பின் வருவது காற்றின் தடை. அது வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். (பி6-ல் உள்ள 0.2, காற்றின் அடர்த்தியையும் உடலின் முன்பரப்பையும் சேர்த்துச் சுருக்கிய தோராய எண்.)

கோல் சீக்

2.5 என்பது நாம் ஊகித்த வேகம். உங்கள் கால்கள் தொடர்ந்து 200 வாட் தரும் என்றால் வேகம் என்ன? இதைத்தான் கோல் சீக் கண்டுபிடிக்கும்.

1. எக்ஸெல்லில் 'டேட்டா' டேபில் 'வாட்-இஃப் அனாலிசிஸ்' சென்று 'கோல் சீக்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு இது 'டூல்ஸ்' மெனுவில் உள்ளது.
2. முதல் கட்டத்தில் பி9, இரண்டாவதில் 200, மூன்றாவதில் பி8 என்று கொடுங்கள்.
3. ஓகே கொடுங்கள்.

பி8-ல் 2.826 வரும். பி10-ல் 81.4 நிமிடம். இப்போது பி2-ல் 9-ஐ 7 ஆக்கி, மீண்டும் கோல் சீக் கொடுங்கள். 79.5 நிமிடம். ஆக, 2 கிலோ குறைந்தால் 13.8 கிலோமீட்டர் ஏற்றத்தில் மிச்சமாவது 1 நிமிடம் 51 வினாடி. ஒரு கிலோவுக்கு சுமார் 55 வினாடி. ஒரே வடிவ பிரேமைச் சாதாரண கார்பனிலும் உயர்ரக கார்பனிலும் பல கம்பெனிகள் விற்கின்றன. வித்தியாசம் 300 கிராம் என்றால் கிடைப்பது சுமார் 17 வினாடிதான்.

சமவெளியில் என்ன ஆகும்? பி4-ல் 0 கொடுத்துப் பாருங்கள். அதே தூரத்துக்கு அதே 2 கிலோ தருவது 3 வினாடிக்கும் குறைவு!

டயர் தரும் ஆச்சரியம்

சைக்கிள் எடையை 9 கிலோவுக்கும், ஏற்றத்தை 0.081-க்கும் திருப்புங்கள். பி5-ல் மட்டும் 0.005-ஐ 0.004 ஆக்குங்கள். சாதாரணப் பயிற்சி டயரைக் கழற்றி, நல்ல பந்தய டயர் போடுவதற்குச் சமம் இது. மிச்சம் 53 வினாடி. அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைத்ததற்குச் சமம்! சமவெளியில் இதே மாற்றம் 21 வினாடி தருகிறது. டயர் மாற்ற ஆகும் செலவையும், சைக்கிளில் ஒரு கிலோ குறைக்க ஆகும் செலவையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கியர் சரியா?

பி5-ஐ 0.005-க்குத் திருப்பி, கோல் சீக் கொடுத்துவிட்டு இன்னும் மூன்று செல்களைச் சேருங்கள். பி11-ல் முன் பல்சக்கரத்தின் பற்கள், பி12-ல் பின் பல்சக்கரத்தின் பற்கள். பி13-ல் =பி8*60/(2.136*பி11/பி12). 2.136 என்பது 28 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு, மீட்டரில். விடை, பெடல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது.

39-25 கியரில் 51 சுற்று
34-28 கியரில் 65 சுற்று
34-34 கியரில் 79 சுற்று

பலருக்கும் வசதியானது 70 முதல் 90 சுற்று. 51 சுற்றில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிதித்தால் முழங்கால் தாங்குமா? லா மார்மோட்டில் இந்த ஏற்றம் வருவது கடைசியில். கிளாண்டோன், டெலிகிராப், 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே ஆகிய கணவாய்களைத் தாண்டிய பிறகு! நேர வரம்பும் உண்டு. சிறிய கியர் இல்லாத 7 கிலோ சைக்கிளைவிட, 34-34 கியர் உள்ள 9 கிலோ சைக்கிள் உங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும்.

உடம்புக்குப் பொருந்துமா?

கம்பெனிகள் தரும் அளவுப் பட்டியலில் 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு எண்கள் இருக்கும். பெடல் அச்சிலிருந்து பிரேமின் முன்தலை வரை உள்ள உயரம் ஸ்டாக். கிடைமட்ட தூரம் ரீச். முதலாவதை இரண்டாவதால் வகுக்க ஒரு காலம் போட்டுக்கொள்ளுங்கள். 545, 390 என்றால் 1.40. நன்றாகக் குனிந்து ஓட்டும் பந்தய வடிவம். 580, 380 என்றால் 1.53. முதுகுக்கும் கழுத்துக்கும் இதமான நீண்ட தூர வடிவம். எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டியவருக்கு இரண்டாவதே நல்லது. கழுத்து வலித்து இரண்டு முறை இறங்கி நின்றால், எடையில் மிச்சமான நேரம் போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க

* பட்டியலில் உள்ள எடை பெரும்பாலும் பெடல் இல்லாத எடை. கடையில் தராசு கேளுங்கள்.
* கார்பன் என்றாலே எடை குறைவு அல்ல. விலை குறைந்த கார்பன் சைக்கிளைவிட நல்ல அலுமினிய சைக்கிள் இலேசாக இருக்கலாம்.
* 6.8 கிலோவுக்குக் கீழ் இருக்கக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ல் கொண்டுவந்த விதி, அதன் பந்தயங்களுக்கு மட்டுமே.
* ஏறினால் இறங்கவும் வேண்டும். நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் கார்பன் ரிம் சூடேறிக் கெடலாம். டிஸ்க் பிரேக் சற்று எடை கூடினாலும் அதில் இந்தத் தொல்லை இல்லை.
* 30 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஸ்டெம், சீட் போஸ்ட் போல்ட்டுகளை அதில் எழுதியுள்ள நியூட்டன் மீட்டர் அளவுக்கு மேல் முறுக்கினால் கார்பன் விரிசல் விடும். டார்க் ரெஞ்ச் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

பயிற்சி

பி1-ல் உங்கள் எடையைப் போடுங்கள். ஜிம்மில் உள்ள சைக்கிளில் வாட் காட்டும் டிஸ்பிளே இருந்தால், ஒரு மணி நேரம் தொடர்ந்து எத்தனை வாட் தர முடிகிறது என்று பார்த்து, 200-க்குப் பதில் அதைக் கொடுங்கள். பிறகு சைக்கிளுக்குப் பதில் உங்கள் எடையில் 2 கிலோ குறைத்துப் பாருங்கள். விடை என்ன வருகிறது? அதற்கு எத்தனை ரூபாய் செலவாகும்?