இலாபம் வேறு, ரொக்கம் வேறு

வியாபாரம் செய்யும் நம்மவர்களில் பலர், வருஷ முடிவில் கணக்கு ஏட்டில் இலாபம் விழுந்தால் போதும், கடை நன்றாக நடக்கிறது என்று திருப்தி கொண்டு விடுகிறார்கள். ஆனால் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி வாசலில் வந்து நிற்கும்போது அவருக்கு இலாபத்தை எடுத்துக் கொடுக்க முடியாது. ரொக்கத்தைத்தான் கொடுக்க முடியும். ஆகவே, வியாபாரத்தால் கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு என்பதைத் தனியே கணக்கிட நாம் அறிந்திருக்க வேண்டும். கணக்காளர்கள் இதனை 'ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோ' என்பார்கள்.

உதாரணமாக ஒரு மளிகைக் கடையின் ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விற்பனை 20,000 வெள்ளி. விற்ற சரக்கின் அசல் 16,000. வாடகை, சம்பளம், மின்சாரம் 2,000. ஐஸ் பெட்டி முதலியவற்றின் தேய்மானம் 200. ஆக, இலாபம் 1,800 வெள்ளி.

இனி ரொக்கத்தைப் பார்ப்போம். தேய்மானம் ஏட்டில் எழுதிய செலவே தவிரக் கையை விட்டுப் போன பணமன்று. ஆகையால் அந்த 200-ஐத் திரும்பக் கூட்டினால் 2,000. விற்பனையில் 8,000 கடனாகப் போயிற்று. பழைய பாக்கியில் 3,000 வசூலாயிற்று. ஆகவே வெளிப்பாக்கி 5,000 ஏறிவிட்டது. அதைக் கழிக்க வேண்டும். பெருநாளை உத்தேசித்துச் சரக்கிருப்பு 1,000 கூடியது. அதையும் கழிக்க வேண்டும். மொத்த வியாபாரிக்கு நாம் கொடுக்கவேண்டிய பாக்கி 1,500 கூடியது. அதைக் கூட்ட வேண்டும். முடிவில் நிற்பது 2,500 வெள்ளி குறைவு! ஏட்டிலே இலாபம், பெட்டியிலே பள்ளம்.

இந்தப் பள்ளத்தைக் கடன் வாங்கியோ, வீட்டுப் பணத்தைப் போட்டோ நிரப்பினால் அது வியாபார ரொக்கம் ஆகாது. பழைய வேனை விற்று வந்த பணமும் ஆகாது. அவற்றைத் தனித்தனியே எழுதவேண்டும். இல்லையேல் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

பெரிய கடைகளுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 1906-ல் தொடங்கிய டபிள்யூ. டி. கிராண்ட் என்னும் நிறுவனத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. வாடிக்கைக்காரர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. ஏட்டில் இலாபம் காட்டிய வருஷங்களிலேயே வியாபாரத்தால் ரொக்கம் வரவில்லை. 1975 அக்டோபரில் திவால் நீதிமன்றத்தை நாடியது. அடுத்த வருஷம் அடியோடு மூடப்பட்டது.

பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள கிரியான் வட்டாரம் நெல் விளையும் பூமி. அறுவடையானால்தான் விவசாயி கையில் பணம் புரளும். அதுவரை அவருக்குக் கடன் கொடுக்காமல் இங்கு வியாபாரம் செய்வது கஷ்டம். எனவே கடனே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்தப் போகத்துக்கு எவ்வளவு வரும், அதுவரை தாக்குப்பிடிக்க எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் கடன் கொடுக்கவேண்டும் என்கிறோம்.

தவணையிட்டுக் கொடுக்கும் கடனை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆன் 'அல்பகரா' அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. கஷ்டத்திலிருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கும்படி அதற்கு இரண்டு வசனங்கள் முன்னே சொல்லப்பட்டுள்ளது. கைவசம் ரொக்கம் வைத்திருப்பவனால்தான் நெருக்காமல் அவகாசம் கொடுக்க முடியும் என்பதைச் சகோதரர்கள் சிந்திக்க வேண்டும்.

மாதக் கடைசியில் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். வெளிப்பாக்கி, சரக்கிருப்பு, கொடுக்கவேண்டிய பாக்கி ஆகிய மூன்றையும் சென்ற மாதத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இலாபம் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.